தாழ்த்தும் ஸ்பிரிங்கும் தோட்டத்துச் சாலையும்: வாகனக் கேள்வி பதில்

வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஒன்றுக்கே பக்கம் முழுவதையும் தருகிறேன். என் பட்டறை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருப்பதால், எந்தப் பதிலை எழுதும்போதும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைதான் என் கண்முன் நிற்கிறது. நகரத்துத் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்கள் என் எச்சரிக்கைகளைச் சற்றுத் தளர்த்திப் படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டமொன்றில் குடியிருக்கிறேன். 2018-ஆம் ஆண்டு வாங்கிய மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவி கார் வைத்திருக்கிறேன். வேலைக்காக நாள்தோறும் ஈப்போவுக்குப் போய் வருகிறேன். வளைவுகளில் வண்டி சாய்வதும், சக்கரத்துக்கு மேலே பெரிய இடைவெளி தெரிவதும் எனக்குப் பிடிக்கவில்லை. 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆட்டத்தை அடக்கும் பழைய அப்சோர்பரையே வைத்துக்கொள்ளலாமா? வார இறுதியில் அப்பா, அம்மா, தங்கைகள் எல்லாரும் இந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போவோம்.
— ஓர் இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்கு விடை கடைசி வரியில்தான் இருக்கிறது. குடும்பத்தோடு ஐந்து பேராகப் போகும் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தாழ்த்தலாம் என்று கேட்பதற்கு முன்னால், எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு சக்கரம் மேலே ஏறுவதற்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் விற்பவர்கள் முதல் எண்ணைச் சொல்வார்கள். இரண்டாவது எண்ணை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டியின் எண்கள் இவற்றிலிருந்து மாறலாம். பின்சக்கரம் ஒன்றின் மேல் உள்ள ஸ்பிரிங், சக்கரத்தின் இடத்தில் அளந்தால், ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்குவதற்கும் 20 நியூட்டன் விசை கேட்கிறது என்று கொள்வோம். பின் இருக்கையில் மூவரும் பின்பெட்டியில் தேங்காய், பழம், பூஜைச் சாமான்களும் சேர்ந்து பின்பக்கம் 220 கிலோ ஏறினால், ஒரு சக்கரத்துக்கு 110 கிலோ, அதாவது ஏறக்குறைய 1,080 நியூட்டன் வருகிறது. அந்தச் சுமையில் கம்பெனி ஸ்பிரிங் 54 மில்லிமீட்டர் அமுங்கும். காலியாக நிற்கும் நிலையிலிருந்து அப்சோர்பரின் ரப்பர் தடுப்பு வரைக்கும் 75 மில்லிமீட்டர் இடம் இருந்தால், பள்ளம் மேடுகளுக்காக இன்னும் 21 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும். இப்போது 40 மில்லிமீட்டர் தாழ்த்தி, கடினத்தை நூற்றுக்கு 25 கூட்டிய ஸ்பிரிங்கைப் போடுங்கள். அது அதே சுமைக்கு 43 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்பது உண்மை. ஆனால் முதலிலேயே 40 மில்லிமீட்டர் இறங்கிவிட்டதால் மொத்தம் 83 ஆகிறது; இருந்த இடமோ 75. அதாவது, வண்டி வீட்டு வாசலை விட்டுக் கிளம்பும் முன்பே ரப்பர் தடுப்பின் மேல் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஸ்பிரிங் வேலை செய்யாது, அந்தச் சிறு ரப்பர் துண்டுதான் குடும்பத்தையே தாங்கும். வளைவில் திரும்பும்போது பின்பக்கம் அப்படித் திடீரென்று இறுகிப்போனால், பின்டயர்கள் பிடி இழப்பதும் திடீரென்றே நிகழும். மழைநாளில் இது சிறிய விஷயம் இல்லை.

இதையே, அதே கடினமுள்ள 25 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்கில் போட்டுப் பார்த்தால் 7 மில்லிமீட்டராவது மிஞ்சுகிறது. அதுவும் குறைவுதான். ஆனாலும் தோட்டத்துக்குள் குடியிருந்து குடும்பத்தையும் ஏற்றிச் செல்பவருக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் வரைதான் நான் பரிந்துரைப்பேன். உங்களுக்கு 40 வேண்டாம்.

கணக்கை நம்பாவிட்டால் வண்டியையே கேட்டுவிடலாம். பின் அப்சோர்பரின் தூசி உறையை மேலே தள்ளி, பளபளக்கும் கம்பியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, அதை உருளையின் மேல்விளிம்போடு ஒட்ட வைத்துவிடுங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, வழக்கமாகப் போகும் வேகத்திலேயே தோட்டத்துப் பாதையிலும் பட்டணத்து வேகத்தடைகளிலும் ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். அப்சோர்பர் அமுங்கும்போது உருளை அந்த டையை மேலே தள்ளும், விரியும்போது டை அங்கேயே நின்றுவிடும். டைக்கும் ரப்பர் தடுப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்தால், கம்பெனி ஸ்பிரிங்கிலேயே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலோர் இந்த அளவைப் பார்த்ததும் ஸ்பிரிங் வாங்கும் எண்ணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள்.

பழைய அப்சோர்பரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்பிரிங் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. அப்சோர்பர் அந்த ஆற்றலை எண்ணெய்க்குள் வெப்பமாக்கித் தீர்க்கிறது. கடினத்தை நூற்றுக்கு 25 கூட்டினால் வண்டி குதிக்கும் வேகம் நூற்றுக்கு ஏறத்தாழ 12 கூடும். அதைக் கட்டுப்படுத்தத் தேவையான அடக்கும் விசையும் அதே அளவு கூட வேண்டும். புதிய நல்ல அப்சோர்பர் என்றால் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். ஆனால் உங்கள் வண்டி 2018-இல் வாங்கியது, நாள்தோறும் ஈப்போ போய் வருகிறது, அதோடு செம்மண் சாலையும் பார்க்கிறது. இந்நேரம் அதன் அப்சோர்பர்கள் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தளர்ந்த அப்சோர்பரின் மேல் புதுக் கடின ஸ்பிரிங்கை வைத்தால் வண்டி ஒவ்வொரு குழிக்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கும். ஸ்பிரிங்குக்கு மட்டும் பணம் இருந்தால் கொஞ்சம் பொறுத்திருந்து, அப்சோர்பருக்கும் சேர்த்துவிட்டு இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி கொடுப்பதும் அப்போது மிச்சமாகும்.

வளைவில் சாய்வதைப் பற்றி ஒரு சொல். மைவியின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒரே தூணாக நிற்பது. பின்பக்கம் டோர்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். முன்பக்கத்தைத் தாழ்த்தும்போது, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை வெளிநுனியில் மேல்நோக்கி எழும்புகிறது. இதனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடைமையம் இறங்குவதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையேயான தூரம் கூடுவதால் சாய்க்கும் நெம்புகோலும் நீள்கிறது. தாழ்த்திய வண்டி குறைவாகச் சாய்கிறது என்றால் அதற்குப் பெரும்பங்கு ஸ்பிரிங்கின் கடினமே காரணம். தாழ்வு அதற்கு எதிராகக்கூட வேலை செய்யும். உங்களுக்கு உண்மையில் சாய்வுதான் குறை என்றால், நல்ல அப்சோர்பரும் நல்ல டயரும் போட்டாலே வண்டி மாறிவிட்டதைப் போலிருக்கும். சக்கரத்துக்கு மேல் தெரியும் இடைவெளிதான் உறுத்துகிறது என்றால் அது அழகு பற்றிய விருப்பம். அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, பாதை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளும் டிராக்டர்களும் போய்ப் போய் இருபுறமும் சக்கரத் தடம் ஆழமாகி, நடுவில் மண் முதுகு எழும்பி நிற்கும். உங்கள் டயர் அந்தத் தடத்துக்குள் இறங்கும்போது வண்டியின் அடிவயிறு முதுகின் மேல் உரசும். என்ஜின் எண்ணெய்த் தொட்டியும் புகைக்குழாயும் அங்கேதான் இருக்கின்றன. 40 மில்லிமீட்டர் என்பது உங்கள் இரண்டு விரல் அகலத்துக்கும் அதிகம். உங்கள் தோட்டத்துப் பாதையில் அந்த இரண்டு விரலை விட்டுக்கொடுக்க முடியுமா என்பதை, மழைக்குப் பிறகு ஒருநாள் வண்டியை விட்டு இறங்கி நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் வாங்காமல், இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிட்டால் போதும் என்று எங்கள் ஊரில் செய்கிறார்கள். விலையும் இல்லை. இது சரியா?
— வாசகர், பீடோர்

பதில்: சரியில்லை. வெட்டினால் வண்டி தாழும், கடினமும் கூடும். அமுங்கி வேலை செய்யும் ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் கடினம் நூற்றுக்கு 20 கூடுகிறது. கடைகளில் விற்கும் ஸ்பிரிங்கும் இதையே செய்கிறதே என்று கேட்பார்கள். வேறுபாடு நுனியில் இருக்கிறது. தொழிற்சாலை ஸ்பிரிங்கின் நுனி, அது உட்காரும் தட்டின் வடிவத்துக்கு ஏற்ப உருவாக்கப்பட்டிருக்கும். வெட்டிய நுனி அந்தத் தட்டில் ஓர் இடத்தில் மட்டும் குத்தி நின்று, ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் வளைக்கும், காலப்போக்கில் தட்டையும் அறுக்கும். அதைவிட ஆபத்தானது இன்னொன்று. சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது, குட்டையாகிவிட்ட ஸ்பிரிங் தளர்ந்து தட்டை விட்டு விலகக்கூடும். பிறகு வண்டி கீழே வரும்போது அது பழைய இடத்துக்கே திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. பெரிய குழியிலிருந்து வேகமாக வெளியேறும்போதும், ஒரு பக்கம் மேட்டில் ஏறும்போதும் சக்கரம் அப்படித்தான் தொங்குகிறது.

அனல் விளக்கால் ஸ்பிரிங்கைச் சூடாக்கித் தாழ்த்துவது இதைவிட மோசம். ஸ்பிரிங்குக்கு அதன் குணத்தைத் தருவதே தொழிற்சாலையில் அளந்து கொடுக்கப்பட்ட வெப்பப் பதம்தான். பட்டறையில் கண்ணால் பார்த்துச் சூடேற்றும்போது அந்தப் பதம் போய்விடுகிறது. பிறகு ஸ்பிரிங் எங்கே நிற்கும், என்றைக்கு ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: ஸ்பிரிங்கை நானும் அண்ணனும் வீட்டிலேயே மாற்றலாம் என்று நினைக்கிறோம். பிரேக், எண்ணெய் போன்ற வேலைகளை நாங்களே செய்கிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், லூனாஸ்

பதில்: பின்பக்கத்தைத் துணிந்து செய்யலாம். முன்பக்கத்தைப் பற்றி யோசியுங்கள்.

பின்பக்கத்தில், இவ்வகைச் சிறிய கார்கள் பலவற்றில் ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் தனித்தனியாகவே நிற்கின்றன. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை ஜேக் ஸ்டாண்டில் உறுதியாக உட்கார வையுங்கள்; ஜேக்கை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகக்கூடாது. டோர்ஷன் பீமுக்கு அடியில் இன்னொரு ஜேக்கைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, அப்சோர்பரின் கீழ்ப்போல்ட்டுகளைக் கழற்றி, பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். இறக்கும்போது ஒருவர் பிரேக் குழாயையும், கைப்பிரேக் கேபிளையும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் கம்பியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவை இழுபட்டால் இறக்குவதை நிறுத்திவிட்டு, பிடித்திருக்கும் கொக்கியைக் கழற்றுங்கள். புது ஸ்பிரிங்கில் மேல் ரப்பரை மறக்காமல் வைத்து, அதன் நுனி தட்டின் பள்ளத்தில் சரியாக முட்டி நிற்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அச்சடித்த எழுத்து தலைகீழாகத் தெரிந்தால், பெரும்பாலும் ஸ்பிரிங்கே தலைகீழாக இருக்கிறது.

போல்ட்டுகளை இறுக்கும் வேளையில் பலரும் ஒரு தவற்றைச் செய்கிறார்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை முழுவதும் இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கிய பிறகு அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், விரைவில் கிழியும். அவற்றைக் கையளவுக்கு மட்டும் பூட்டி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகு, உங்கள் மாடலுக்குரிய பழுதுபார்ப்பு நூலில் சொல்லியிருக்கும் அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

முன்பக்கம் வேறு கதை. அங்கே ஸ்பிரிங், அப்சோர்பரின் மேலேயே அமுக்கிப் பூட்டப்பட்டிருக்கிறது. ஸ்ட்ரட் தலையின் நடுவில் உள்ள ஒற்றை நட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்பிரசரால் அமுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், ஸ்பிரிங்கும் மேல்தட்டும் முகத்தை நோக்கிப் பாயும். கண்ணும் உயிரும் போகக்கூடிய விபத்து அது. கம்பிரசரின் இரண்டு கொக்கிகளையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இரண்டையும் மாறி மாறிச் சமமாக முறுக்க வேண்டும். ஸ்பிரிங் மேல்தட்டை விட்டுத் தளர்ந்து, கையால் சுழற்ற முடிகிற நிலைக்கு வந்த பிறகுதான் நட்டைத் தொடலாம். தேய்ந்த திருகுடைய மலிவுக் கம்பிரசரை இரவல் வாங்கியாவது செய்துவிடலாம் என்று எண்ணினால், தயவுசெய்து ஸ்ட்ரட்டை மட்டும் வீட்டில் கழற்றி, பட்டறைக்கு எடுத்துப்போய் அமுக்கித் தரச் சொல்லுங்கள். அதற்கான கூலி மருத்துவச் செலவில் பத்தில் ஒரு பங்கும் இராது.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது பிரேக் குழாயையும் ஏ.பி.எஸ். கம்பியையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்துவிடுங்கள். சக்கரம் பூட்டும் பாகமான ஹப்பை வெளிப்பக்கம் சாயவும் இழுபடவும் விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். இல்லையென்றால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் மூட்டு பிரிந்துவிடும், அரை நாள் வேலை இரண்டு நாளாகும். அப்சோர்பரின் வெள்ளிக் கம்பி சுற்றாமல் இருக்கப் பிளையர்ஸால் கவ்வுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அதில் விழும் கீறல் எண்ணெய் சீலை அறுத்துவிடும். கம்பியின் நுனியில் அதற்கென்றே இருக்கும் இடத்தில் சாவி போட்டுப் பிடியுங்கள். ஸ்பிரிங்கோடு வந்த குறிப்பில் ரப்பர் தடுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், சொன்ன அளவு மட்டும் குறையுங்கள். முழுவதும் எடுத்துவிட்டால் அப்சோர்பர் உலோகத்தோடு உலோகம் மோதி உடையும். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: 30 மில்லிமீட்டர் தாழ்த்திய பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்னால் ‘டங்’ என்று சத்தம் வருகிறது. முன்டயர்களின் உட்புறம் மட்டும் வேகமாகத் தேய்கிறது. எதிரே வருகிறவர்கள் இரவில் விளக்கை அடித்துக் காட்டுகிறார்கள்.
— வாசகர், தெலுக் இந்தான்

பதில்: மூன்று அறிகுறிக்கும் மூன்று காரணம். சத்தம், ஸ்பிரிங் நுனி தட்டில் சரியாக உட்காராததாலோ, ஸ்ட்ரட் தலையில் உள்ள பேரிங் தேய்ந்துபோனதாலோ வருகிறது. வண்டியை நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். சுருள் இறுகி நின்று சட்டென்று குதித்தால் காரணம் அங்கேதான் இருக்கிறது. பூட்டும்போது பழைய பேரிங்கையே போட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

டயர் தேய்வுக்கு எல்லாரும் கேம்பர் என்பார்கள். தாழ்த்தும்போது சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்வது உண்மை. உங்கள் அளவுக்கு அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை மாறியிருக்கலாம். ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது இரண்டு சக்கரங்களும் முன்னோக்கிப் பார்க்கும் திசை. தாழ்த்தும்போது ஸ்டியரிங் கம்பியின் கோணமும் மாறுவதால் டோ தானாகவே விலகிவிடுகிறது. உடனே அலைன்மென்ட் செய்யுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும் என்பதால், ஏறக்குறைய 1,000 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். கேம்பர் அதற்குப் பிறகும் அதிகமாக இருந்தால் கேம்பர் போல்ட் போட்டுச் சரிசெய்யலாம்.

விளக்கைப் பற்றி: முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் தாழ்ந்திருக்கிறது என்று தெரிகிறது. 2,500 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியுள்ள வண்டியில் பின்பக்கம் 20 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால், 25 மீட்டர் தள்ளி விளக்கின் ஒளி 20 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். எதிரே வருகிறவரின் கண்ணில் படுவதற்கு அது போதும். விளக்கின் திருகில் சரிசெய்துகொள்ளலாம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்துத் தானாகப் பிரேக் போடும் வசதி உங்கள் மாடலில் இருந்தால், வண்டியின் சாய்வு மாறியதைச் சர்வீஸ் நிலையத்தில் சொல்லி, கேமராவின் பார்வையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் தன் காரைத் தாழ்த்தப் போகிறேன் என்கிறான். ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிக்குமா? வாரண்டியும் இன்சூரன்சும் என்னாகும்?
— ஒரு தாய், குளுவாங்

பதில்: அம்மா, வாகனத்தின் அமைப்பை மாற்றுவது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழும், 1959-ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளின் கீழும் வருகிறது. எனவே பூட்டுவதற்கு முன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுவிடுவதே முறை. வெட்டிய ஸ்பிரிங், மட்கார்டில் உரசும் டயர், தரையைத் தொடும் பம்பர் ஆகியவை சாலைத்தடுப்புச் சோதனையில் முதலில் கண்ணில் படுபவை. நாளை அவர் வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான பி5 ஆய்வில் வண்டியின் அடிப்பகுதியையும் பார்ப்பார்கள். லூனாஸ் வாசகரிடம் பழைய ஸ்பிரிங்குகளை வைத்திருக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வண்டி இன்னும் கம்பெனி வாரண்டிக்குள் இருந்தால், வெளி ஸ்பிரிங் பூட்டிய பிறகு சஸ்பென்ஷன் பழுதுகளுக்கு அந்த வாரண்டியை நம்ப முடியாது. என்ஜின் போன்ற மற்றப் பாகங்களின் நிலையை விற்பனை நிலையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்லப்படும் மாற்றம் இழப்பீட்டைச் சிக்கலாக்கும். மகனிடம், எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அடுத்ததாக, பின் இருக்கையில் நீங்கள் உட்காரும்போது எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சும் என்று கேளுங்கள். அவர் இரண்டாவது கேள்விக்கும் அளந்து பதில் சொன்னால் அவரைத் தடுக்க வேண்டாம்.